பீரோவுக்குப் பின்னால் இருந்த கால்கள்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்த இடத்தில் வைத்த பெயர் ஈசிசேர். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில், இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் ஈரப் போர்வை மூட்டையை இவர் ஒருவரே தூக்குவார். அப்படிப்பட்ட ஆளுக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், யாராவது விளையாட்டுக்குக் கையை ஓங்கினால் இவர் தடுக்க மாட்டார். இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் பின்னால் சாய்வார். ஓங்கிய கை மூக்குக்கு முன்னால் காற்றில் போகும். எல்லாரும் சிரிப்பார்கள். இவருக்கு அது போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

அந்தச் சாய்வு இவருடைய சொந்தச் சரக்கு இல்லை. எங்கோ கடல் தாண்டி இருந்த ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவனுடையது. அவனை இவர் நேரிலும் பார்த்ததில்லை, திரையில் அவன் சண்டை போட்டும் பார்த்ததில்லை. இவர் பழகிய குத்துச்சண்டைக் கூடத்துச் சுவரில் ஆளுயரப் போஸ்டர் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். எதிராளி குத்துகிறான், சாம்பியன் கையைத் தொங்கவிட்டபடி சாய்ந்து, வருகிற கையுறையைப் பார்த்துச் சிரிக்கிறான். அத்தனை பெரிய உடம்பு, முகத்தில் ஒரு கீறல் கிடையாது. கூடத்துப் பயல்களுக்கெல்லாம் கிறுக்குப் பிடித்துவிட்டது. முடி வெட்டிக்கொள்வதிலிருந்து சிரிப்பதுவரை அவனாகவே ஆகப் பார்த்தார்கள்.

போஸ்டரின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு, கையுறை வைக்கும் இரும்பு பீரோ நின்றது. மற்ற மூலையெல்லாம் மழைக்கு ஒழுகும். அதனால் சாம்பியன் இடுப்புவரைதான். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பீரோ என்றால் சுவரோரம்தானே நிற்கும்!

"கையைத் தூக்குடா, தாடையை மூடுடா" என்று மாஸ்டர் தொண்டை வற்றக் கத்துவார்.

"அவருக்கே தேவைப்படல மாஸ்டர், எனக்கு மட்டும் எதுக்கு?" என்று போஸ்டரைக் காட்டுவார் இவர்.

மந்தமான ஆட்களிடம் இந்த வித்தை செல்லுபடியானது. பேரும் வந்தது. பிறகு நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. எங்களுக்குக் கல்யாணமான புதிது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் குத்துக்குச் சாய்ந்தார், அது காற்றில் போனது, கூட்டம் ஓவென்று கத்தியது. அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு இரண்டாவது குத்து வந்தது. மனித முதுகு இன்னும் எவ்வளவுதான் வளையும்? விழுந்தார். எழுந்தார். மறுபடியும் சாய்ந்தார்.

அன்றைக்கே விட்டுத் தொலைத்திருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் கிடைத்த மேடையெல்லாம் ஏறினார். அதே சாய்வு, அதே இரண்டாவது குத்து. கேட்டால், "ஒரு நொடி லேட்டாயிட்டேன். இல்லன்னா அவரேதான் நான்" என்பார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. நாக்கு தடிக்கிறது. மகளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறார். தலையில் வாங்கிய அடி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இஸ்திரி உருளைக்குள் துணியோடு கையையும் விடப் பார்த்த அன்று, வேலையிலிருந்தும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருப்பது அந்த ஒரு நொடி மட்டும்தான். எனக்கு வருகிற ஆத்திரத்தில், அதையும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது.

கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பீரோவில் கிடக்கும் இவருடைய பழைய கையுறையை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம் ஆள் அனுப்பினார்கள். இப்போதைய மாஸ்டர் இவரோடு சேர்ந்து பழகிய குள்ளண்ணன்தான். நாங்கள் போனபோது பீரோ நடுக்கூடத்தில் நின்றது. போஸ்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

சாம்பியனுக்குக் கால் இருந்தது. பின்னங்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பி, பின்னால் போய்க்கொண்டிருந்தது. முன்னங்கால் அதற்குள் பக்கவாட்டில் திரும்பியாகிவிட்டது. இரண்டாவது குத்து வரும்போது அந்த மனிதன் அந்த இடத்திலேயே இருக்கப் போவதில்லை. கையுறையை எந்தக் கையில் மாட்டுவது என்றுகூடத் தெரியாத எனக்கே அது புரிந்தது.

இவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலு நகருது" என்றார்.

"ஆமாங்க."

"நாங்க... நாங்க காலை நகத்தவே இல்ல." தன் வலது காலைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். செருப்பு தரையில் சிக்கிக்கொண்டது. அடிபட்டு விழுந்த நாளில்கூட அழாத ஆள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பிடுங்கி எறிய நினைத்தது என் கை படாமலே போய்விட்டது. எனக்குத் துளிகூட சந்தோஷம் வரவில்லை.

"பெயிண்ட் காஞ்சதும் பீரோவ இங்கயே தள்ளிடணும். அந்தப் பக்கமெல்லாம் ஒழுகுது" என்றார் குள்ளண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, இந்தப் பசங்களாவது காலைப் பாக்கட்டும். கொஞ்சம் தள்ளி வைங்க."

"அட போம்மா. மேல தெரியுறது போதும். இவனுங்களுக்கு அந்தச் சிரிப்புதான் வேணும்."

குள்ளண்ணன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் பழகிக்கொண்டிருந்தார்கள். கை கீழே தொங்கியது, பாதம் தரையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. ஒருவன் மூக்கில் பஞ்சு. ஆளைத் தெரியாது, யார் வீட்டுப் பிள்ளை என்றும் தெரியாது. ஆனால் சாயும்போது அவன் என் வீட்டுக்காரர் மாதிரியே இருந்தான்.

வரும் வழியெல்லாம் இவர் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை, பக்கத்துக் கடைத் தையல்காரர் அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டு, "பெரிய ஆளா இருந்திருப்பீங்க போல" என்றார்.

இவர் முகம் மலர்ந்தது. "ஒரே ஒரு நொடி லேட்டாயிட்டேன் தம்பி. இல்லன்னா அவரேதான் நான். சாய்ஞ்சு காட்டவா?"

நேற்றுப் பார்த்த அந்தக் கால் அவர் நினைவில் இல்லை. அது இனி என்னிடம் மட்டும்தான். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.