கச்சான் சரையில் பாதிக் கட்டுரை

கடற்கரையில் கச்சான் கடலையைத் தின்று முடித்த என் தோழி, அது சுற்றி வந்த கடதாசிச் சரையை விரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் பழைய சோதனைத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது.

"எடியே, உன்ர கட்டுரையை இதில அச்சடிச்சால் என்ன?" என்றேன்.

அவள் பத்திரிகையில் சுகாதாரக் கட்டுரை எழுதுபவள். மார்பகப் புற்றுநோய் அவளுக்கே வந்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. கட்டியைக் கண்டும் வெட்கத்தில் நாள் கடத்தும் பெண்களுக்காகத்தான் எழுதினாள். அவர்களோ பத்திரிகை வாங்குவதில்லை. ஒருத்தியாவது நேரத்தோடு போய்க் காட்டினாள் என்று காதால் கேட்டுவிட்டுத்தான் சாவேன் என்பது அவள் பிடிவாதம்.

"வடைக்குக் குடுக்காத, எண்ணெயில மை ஊறும். கச்சானுக்கெண்டால் ஓம். எழுத்து வெளிப்பக்கம் நிக்கவேணும்" என்றாள்.

அச்சடித்த தாள்களைக் கிண்ணியாவிலிருந்து வந்து கச்சான் விற்கும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரிடம் கொடுத்தேன். மறுநாள் போனால் எல்லாம் பாதிப் பாதியாகக் கிடந்தது. எந்தத் தாளையும் இரண்டாகக் கிழித்துச் சுருட்டுவதுதான் அவர் கைப்பழக்கம். மேல் பாதி 'மார்பில் கட்டி தட்டுப்பட்டால்' என்று நின்றுவிட்டது. என்ன செய்வது என்பது மற்றப் பாதியில், வேறு யாருடைய கையிலோ!

நான் வாயைத் திறக்குமுன் நானா முந்திக்கொண்டார்.

"நல்ல நேரம் வந்தீங்க புள்ள! பொம்புளையள் திரும்பி வந்து மத்தத் துண்டு எங்கயெண்டு உயிரை எடுக்கிறாங்க. கச்சான் வேணாமாம், கடதாசிதான் வேணுமாம்!"

ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த தோழியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இருமல் வருமட்டும் சிரித்தாள்.

"இவ்வளவு காலம் முழுசா எழுதி என்னத்தைக் கண்டனான்? இனிப் பாதிப் பாதியா எழுதுறன்."

எழுதினாள். பிறகொரு நாள், அன்புவழிபுரத்துப் பெண்ணொருத்தி இரண்டு பாதியையும் ஊசியால் குத்திச் சேர்த்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்ததாக மருத்துவமாது சொன்னார். கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்களாம். அந்தச் செய்தி போனபோது தோழிக்குக் குரல் கம்மியிருந்தது. ஆனாலும் என் கையை நெரித்துக்கொண்டு சொன்னாள்: "வெண்டிட்டமடி."

அந்தக் கிழமை முடியுமுன்னே போய்விட்டாள். கடைசியாக எழுதித் தந்தது வாய்ப்புற்றுநோய் பற்றி, அதுவும் இரண்டு பாதியாக. நேற்று அதைக் கொண்டு வெற்றிலைக் கடைக்குப் போய், எதைப் பற்றியது என்று சொல்லி, வெற்றிலை சுற்றிக் கொடுக்க நீட்டினேன்.

"வெத்திலை விக்கிறவனிட்டயே வெத்திலை சப்பாதையுங்கோ எண்டு பேப்பர் தாறியள். நல்ல கதை, தங்கச்சி!" என்றார் கடைக்காரர்.

"அந்தக் கதை கீழ்ப் பாதியிலதான் அண்ணை. உங்களுக்கு மேல் பாதி மட்டும்."

வாங்கிப் பார்த்தார். 'வாய்ப்புண் ஆறாமலே இருந்தால்' என்று நின்றது. "இருந்தால்?" என்றார். கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினேன். மற்றப் பாதியை இன்று பின்னேரம் நானாவிடம் கொடுக்கப்போகிறேன்.