ஏரிக்கரையில் டேப்

இன்று காலை திண்டிவனம் பஸ்ஸுக்குப் போகும்போது, எங்கள் ஏரிக்கரையில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"என்னா சார் அளக்கறீங்க?"

"குப்பையப் பிரிச்சி உரம் பண்ற ஷெட்டு வருதும்மா."

"ஏரிகிட்ட கட்டக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குதே?"

"ஏரி எங்கம்மா இருக்குது? சொட்டுத் தண்ணி இல்லியே."

பதில் சொன்னவர் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தேன். 'அருகில் நீர்நிலை' என்ற இடத்தில் 'இல்லை' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அப்புறம் அளப்பது எதற்கு?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்வி அக்கா எங்கள் பக்கம் வந்தார். "போன மழையில என் ஆடு ரெண்டு இங்கதான் சார் முழுகிப் போச்சி. அத்த எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

இருவரும் டேப்பைச் சுருட்டினார்கள். அதற்குள் படிவத்தை போட்டோ எடுத்துவிட்டேன்.

மனு எழுதத் தெரிந்தவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். நீந்தத் தெரிந்தவர்கள் ஐப்பசியில் ஷெட்டைப் பார்க்க வாருங்கள்.