சித்திக்காக ஒரு நீச்சல் குளம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நீச்சல் குளம் இருந்தது என்று சொன்னால் கோவில்பட்டிக்காரர்களே நம்பமாட்டார்கள். எங்களுடைய தீப்பெட்டி ஆபீஸில் உற்பத்தி சக்கைப்போடு போட்ட காலத்தில் தாத்தா ஆசைப்பட்டுக் கட்டியது. நான் பிறப்பதற்கு முன்பே வறண்டுவிட்டது. எனக்குத் தெரிந்து அதற்குள் அடுப்பெரிக்கும் காய்ந்த பருத்திமாரும் ஓட்டை அண்டாவும் கிடந்தன. வெயில் நேரத்தில் ஆடுகள் படியிறங்கிப் போய் நிழலில் படுத்துக்கொள்ளும்.

அதில் மறுபடி தண்ணீர் விட்ட வருஷம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி தாமிரபரணிக் கரைக்காரி. ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்தவளிடம், வந்த மறுநாளே ஒரு வாளியைக் கொடுத்து, இதுக்குள்ள குளிச்சிரணும் என்று சொன்ன வீடு எங்களுடையது. சித்தி வாளியை வாங்கிக்கொண்டு போனாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். ஆடி முடிந்தது, ஆவணியும் பாதி போய்விட்டது, சித்தியைக் காணோம். சித்தப்பா போன் போடுவார். அங்கன மழை உண்டா என்பார், சாப்பிட்டியா என்பார், வைத்துவிடுவார். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பயந்துதான் அவள் வரவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

ஒருநாள் சித்தப்பா பருத்திமாரை அள்ளி வெளியே வீச ஆரம்பித்தார். நீச்சல் குளத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போனில் பார்த்த வீடியோக்கள்தான். அதில் வெள்ளைக்காரர் ஒருவர் ஏதேதோ மிஷினை வைத்துச் சுத்தம் செய்வார். சித்தப்பா விளக்குமாறும் ப்ளீச்சிங் பவுடருமாக இறங்கினார். தேய்த்துக் கழுவி, விரிசலில் சிமெண்டைப் பூசி, லாரித் தண்ணீர் விட்டு நிரப்பினார். விடிந்து பார்த்தால் சொட்டு இல்லை. மழை காணாமல் வெடித்துக் கிடந்த கரிசல், அடியிலிருந்தே அத்தனையையும் குடித்துவிட்டது.

மனுஷன் அசரவில்லை. களத்தில் மிளகாய் வற்றல் காயப்போடும் பெரிய தார்ப்பாய்ப் படுதா கொட்டகையில் மடித்துக் கிடந்தது. அதைக் குளத்துக்குள் விரித்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? என்னைத்தான் கழுவச் சொன்னார். நான் விடாமல் தும்மினேன்.

“தூசிதான் ஏட்டி, நல்லாத் தேய்” என்றார்.

மறுபடி லாரி வந்தது. தண்ணீர் நின்றது. போட்டோ எடுத்துச் சித்திக்கு அனுப்பினார். அதைப் பார்த்து மலைத்துப்போன சித்தியின் அப்பா, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தியின் முகத்தில் சிரிப்பே இல்லை. பையை உள்ளே கொண்டுபோகாமல் வாசலிலேயே வைத்துவிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிடுவாளோ என்று அம்மாவுக்குப் பயம்.

“முதல்ல நீங்க இறங்குங்க மாமா” என்றார் சித்தப்பா.

சித்தியின் அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் சுகமாக உட்கார்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் திறந்தார்.

“தண்ணி ஒரு மாதிரி சூடா இருக்கு மாப்ளே.”

“வெயில்ல காஞ்சிருக்கும் மாமா.” சித்தப்பாவும் பெருமையாக இறங்கினார்.

சம்பந்தி வீட்டில் குறை சொல்லக்கூடாது என்று பெரியவர் அதற்குமேல் தண்ணீரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தான் ஆக்கிய குளத்தைத் தானே குறை சொல்வதா என்று சித்தப்பாவும் திறக்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து விவசாயம் பேசினார்கள். இரண்டு பேர் முகமும் சிவந்து கண்ணில் நீர் வழிந்தது. “இந்த வருஷமும் உளுந்துதானா?” என்று கேட்கும்போது பெரியவரின் குரலே மாறிவிட்டது.

கரையில் நின்ற சித்தி குனிந்து, மிதந்துவந்த எதையோ எடுத்துப் பார்த்தாள். மிளகாய் விதை.

“இது என்ன படுதா?” என்று என்னிடம் கேட்டாள்.

“வத்தல் படுதா சித்தி.”

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். எப்பா, ஏறி வாங்க என்று சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அவள் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மா தயிர்ச் சட்டியோடு ஓடிவந்தாள். ஏறி வந்த மாமனாரும் மருமகனும் உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

சித்தப்பாவின் முதுகில் தயிரைத் தடவியபடி சித்தி மெதுவாகச் சொன்னாள்: “ஆத்தையா கேட்டேன் நான்? போன்ல ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?”

பிறகு கையைக் கழுவிவிட்டு, வாசலில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு ஒரே ஆத்திரம். இரண்டு லாரித் தண்ணீர் பாழ். நான் நீந்தலாம் என்றிருந்ததும் போச்சு. ஆனால் சித்தப்பா, முதுகெல்லாம் தயிரும் கண்ணெல்லாம் சிவப்புமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மிளகாய் அவர் மண்டைக்கு ஏறிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.