முழங்காலுக்குக் கீழே ஒரு கறுத்தக் கோடு

"...நாலு விரல் துணிதானே காக்கா, அதுக்கேன் வெட்டணும்?" என்றாள் தங்கச்சி. உம்மாவின் அபாயா, பாதம் வரை தொங்கும் அங்கி, அவள் மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியால் வந்த அன்று கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தவன் அவளுடைய காக்கா, மூத்தவன், நான்தான்.

அந்த அபாயா கடலுக்குத் தப்பியது சம்மாந்துறைத் தையல்காரரின் சோம்பலால். நோன்புப் பெருநாளைக்குத் தைக்கக் கொடுத்தது. "இந்தா நாளைக்கு, நாளண்டைக்கு" என்று இழுத்தார். "நான் மையித்தான பொறகுதான் தருவான் போல" என்று உம்மா ஏசினா. அதற்குள் சுனாமி வந்து உம்மாவையும் வீட்டையும் கொண்டுபோயிற்று. வாப்பா முன்னமே மவுத்து. அகதி முகாமுக்கு அந்தத் தையல்காரர் பார்சலோடு வந்து, அதை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. உம்மாவின் மச்சம் எந்தக் கன்னத்தில் என்று நானும் தங்கச்சியும் சண்டை பிடித்திருக்கிறோம். உயரத்தில் மட்டும் சண்டையே இல்லை. அபாயாவைத் தூக்கிப் பிடித்தால் போதும்.

தங்கச்சிக்கு அப்போது பத்து வயது. அலையில் வந்த கதவு அடித்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு வெட்டிய அன்று, காரைதீவுக்கார டொக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முறிந்த இடத்தில் புது எலும்பு முண்டாகத் தடித்துப் பிடித்திருந்தது. அதற்கு மேலே, முழங்காலுக்குக் கிட்ட, வெள்ளை எலும்பின் குறுக்கே ஒரு கறுத்தக் கோடு.

"இதுவும் முறிவா டொக்டர்?"

"இல்ல பிள்ளை. அது குருத்தெலும்பு, படத்தில விழாது. கோழிக்கால் நுனியில கறுக்கெண்டு கடிப்பியே, அந்தச் சாதி. அது வளர வளர, பின்னால எலும்பா மாறிக்கொண்டு வரும். கோடு இருக்குமட்டும் நீ உயருவாய். பிறகு அதுவும் எலும்பாகி மூடிடும்."

அன்றிலிருந்து, பிறகு எங்களுக்குக் கிடைத்த வீட்டிலும், என் பங்குக் கோழிக்கால் நுனியும் அவளுக்குத்தான். நெத்தலியை முள்ளோடு தின்றாள். பெருநாளைக்குப் பெருநாள் உம்மாவின் அபாயாவைப் போட்டு வாசலில் நின்று பார்ப்பாள். முதல் வருசம் பாதித் துணி நிலத்தில் கிடந்தது.

"என்ன புள்ள, றோட்டுக் கூட்டுற வேலை கிடைச்சிட்டா?" என்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்பா.

"கோடு இரிக்கி மாமி! அடுத்த பெருநாளைக்குப் பாருங்க!"

மாமிக்கு எந்தக் கோடென்று விளங்காது. ஆனாலும் சிரிப்பா. துணியும் வருசா வருசம் நிலத்தை விட்டு எழும்பித்தான் வந்தது.

போர் முடிந்த வருசம். செக்பொயின்ற்றில் இறங்கி நடக்கச் சொல்வது குறைந்து, இனி நாடு வளரும் என்று தேத்தண்ணிக் கடையெல்லாம் ஒரே கதை. தங்கச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிற்று. அதே டொக்டர், அதே ஜன்னல். நோவைப் பற்றி அவள் ஒரு சொல் கதைக்கவில்லை.

"கோடு இரிக்கா டொக்டர்?"

"எந்தக் கோடு?"

விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். "ஓ, அதுவா! மூடிட்டுது பிள்ளை. வடிவா, நேரா மூடியிருக்கு. முறிவும் இல்ல. சந்தோசமா வீட்ட போ."

நல்ல செய்தி சொன்னதாகவே அந்த மனிசன் நினைத்தார். அவளைச் சைக்கிளில் பின்னால் ஏற்றி வந்தேன். வீட்டுக்கு வந்து அபாயாவைப் போட்டாள். நாலு விரல் துணி நிலத்தில் கிடந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"வெட்டித் தச்சாச் சரிதானேடி" என்றேன். கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தேன். அதற்குத்தான் அவள் "அதுக்கேன் வெட்டணும்?" என்று கேட்டது.

கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். அந்த நாலு விரலையும் உள்ளுக்கு மடித்து, இழுத்தால் பிரிந்து உம்மாவின் உயரம் திரும்பி வருகிற மாதிரி எட்ட எட்டத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு அதைப் போட்டுக்கொண்டு, வீங்கின காலை இழுத்து இழுத்து, மாமியின் வேலியடிக்குப் போய் நின்றாள்.