தேய்ந்த ஒரு சதம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நானும் என் அறைத் தோழன் சிவமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை செய்வோம். வங்கியில் ஒரு சதக் காசுச் சுருள்களை வாங்கிவந்து, பிரித்துப் பழைய நாணயம் தேடுவோம். எதை வைப்பது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானிப்பவன் நான்தான். விலைப் புத்தகம் படித்தவன் நான். கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

ஒருநாள் அவன் அரசர் தலை பொறித்த காசொன்றை நீட்டினான். 1925ஆம் ஆண்டுக் காசு.

"அண்ணை, இது வைக்கிறதோ?"

அந்த ஆண்டுக் காசு அரிது என்று எனக்குத் தெரியும். பங்குபோட மனம் வரவில்லை.

"தேய்ஞ்சு போச்சு. உந்தக் காசை ஒருத்தரும் வாங்கமாட்டினம். அங்கால போடு."

மறுபேச்சின்றிப் போட்டான். அவன் தேத்தண்ணி போட எழுந்த நேரம் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். மறுநாளே நாணயக் கடையொன்றில் விற்றுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் அதே ஆண்டுக் காசைக் கண்டதாகச் சிவம் வந்து சொன்னான். அறுபது டொலராம். என் முகம் செத்துப்போனது. அதைக் கண்டு அவன் என் தோளில் கைவைத்தான்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை. உங்களுக்கும் தெரியாதுதானே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஓம், தெரியாமல் போச்சு" என்றேன்.

பிறகு அவன் கலியாணம் முடித்துப் பக்கத்து நகரான அஜக்ஸுக்குப் போனான். இன்றும் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். நான்தான் சாட்டுச் சொல்லித் தவிர்க்கிறேன். அன்று அவன் திட்டியிருந்தால் சண்டை பிடித்து மறந்திருப்பேன். நான் ஏமாற்றியவனே எனக்கு ஆறுதல் சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை.