தனம் அக்காவின் ஏழாவது கேள்வி

தனம் அக்கா போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே...

சேலையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்தவர். கூடையில் மீன் விற்றவர். என்மேல் வழக்குப் போட்டவரும் அவர்தான். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு சந்து. மெயின் ரோட்டுக்கு அவர் அதில்தான் வருவார். அப்பா இறந்தபின் வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட நினைத்தேன். சந்து எங்கள் பட்டாவில் இருந்தது, அடைக்கப் பார்த்தேன். காலங்காலமாக நடக்கும் வழி என்று அவர் கோர்ட்டுக்குப் போனார்.

சிவில் வழக்கில், சாட்சி விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். கோர்ட் அனுமதித்தால், சத்தியம் செய்து எழுத்திலேயே பதில் தரவேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு கேள்விகள் வந்தன. சர்வே நம்பர், நீளம், அகலம்... ஏழாவது மட்டும் வேறு மாதிரி.

"தாங்கள் மூன்றாம் வகுப்பு படிக்கையில், மழை வெள்ளத்தின்போது தங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்படி சந்து வழியாகப் பள்ளிக்கூடத்தில் விட்டது யார்?"

எந்த வக்கீலுக்கும் இது தோன்றியிருக்காது.

முழங்கால் அளவு தண்ணீர். அவர் தலையில் காலிக் கூடை, இடுப்பில் நான். "ஷூவ கயட்டி கூடைல போடு பாப்பா. நனைஞ்சா ஒங்கம்மா என்னத்தான் திட்டும்." அன்று முழுக்க ஷூவில் மீன் வாசம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் வக்கீல் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பேரைச் சொன்னா, அந்த வழியா நடந்தாங்கன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மேடம். நினைவில்லைன்னு போட்டுடலாம். அத யாரும் பொய்னு நிரூபிக்க முடியாது."

போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அந்த ஒரு பதிலால் மட்டும் இல்லை என்றார் வக்கீல். இருக்கலாம்... சந்தில் சுவர் எழும்பியது.

பிறகு ஒருநாள் மார்க்கெட்டில் அவரே என்னைக் கூப்பிட்டார். "இன்னா பாப்பா, அம்மாம் படிச்ச புள்ள... இப்பவே மறதி வந்துட்ச்சா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சங்கரா மீனு ஃப்ரெஷ்ஷா கீது, எடுத்துனு போ."

வாங்கினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு சுற்றித்தான் போக முடியும். சுவர் எழும்பியபின் அவர் தினமும் கூடையோடு சுற்றிய தூரம். நான் நடந்தது இன்றுதான்.

அவர் மகள் நாற்காலி போட்டாள். "ஒக்காருங்கக்கா. வெயில்ல வந்துகீறீங்க, தண்ணி குடிங்க."

குடித்தேன். எல்லாம் நினைவிருந்தது என்று சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

போயிட்டு வாங்க தனம் அக்கா...