ஈ டிரைவில் இருந்த ஈஸ்டர் படம்

இதைக் கேட்கிற சகோதர சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரம்.

2005-ல் மரக்காணத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். அப்போதுதான் டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருந்தேன். எடுத்த படமெல்லாம் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கில் ஈ டிரைவ் என்கிற பகுதியில் இருக்கும். வேறு காப்பி கிடையாது.

அந்தக் கோடையில் உப்புக்காற்று பட்டுப் பட்டு கம்ப்யூட்டர் செத்துப்போனது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டினேன். சி டிரைவ் மட்டும் வந்தது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் சி.டி. போட்டும் பார்த்தேன். ஈ டிரைவ் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

அந்த வாரம் உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை வந்தார். அவருடைய ஏழு வயது மகள் காய்ச்சலில் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, ஈஸ்டர் அன்னிக்கு சர்ச்சுல புள்ளைய போட்டோ புடிச்சீங்களே. வேற படமே இல்லைங்க. மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா இருக்குது."

"நாளைக்கு வாங்கம்மா" என்று, படம் திறக்கவில்லை என்பதை மறைத்து அனுப்பிவிட்டேன். வாய் கூசியது. ஷட்டரை இறக்கி முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் கவனக்குறைவைப் பார்க்காதீங்க. அந்தத் தாயைப் பாருங்க." வேறு வார்த்தை வரவில்லை. அழுதேன்.

எழுந்தபோது, கூனிமேட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காதர் பாய் ஞாபகம் வந்தது. டிஸ்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வெயிலில் உப்புக் குவியல்கள். ஜெபித்துக்கொண்டே போனேன்.

அவர் தன் கம்ப்யூட்டரில் மாட்டி லினக்ஸைப் போட்டார். திரையைப் பார்த்தார். டிஸ்க் மேலிருந்த லேபிளைப் பார்த்தார்.

"ஏம்பா, இதுல எண்பது ஜி.பி.ன்னு போட்டிருக்குது. லினக்ஸ் முப்பத்து சொச்சம்தான் காட்டுது. மீதி எங்க?"

அப்போதுதான் உறைத்தது. பெரிய டிஸ்கைப் பழைய கம்ப்யூட்டர் ஏற்காததால், அளவைக் குறைத்துக் காட்டட்டும் என்று டிஸ்கின் பின்பக்கத்தில் ஜம்பர் என்கிற குட்டி பிளாஸ்டிக் துண்டைச் செருகியவன் நானேதான்! அந்த அளவுக்கு அப்பால் இருந்த ஈ டிரைவ் லினக்ஸுக்கு எட்டவே இல்லை.

பாயிடம் சொன்னேன். "புடுங்கிடுப்பா" என்றார்.

பிடுங்கினேன். எல்லா டிரைவ்களும் வந்தன. ஈஸ்டர் படங்களில் அந்தப் பிள்ளை, முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் "ஸ்தோத்திரம்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன.

மறுநாள் அஞ்சலை கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். "பல்லு விழுந்து மூணு நாளுதாண்ணே அப்போ" என்றார். சிரித்தார், பிறகு அழுதார்.

ஸ்டூடியோ இப்போது இல்லை. பாயும் இல்லை. அந்தப் பஸ் பயணத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. அன்றுமுதல் எல்லாப் படத்துக்கும் காப்பி வைத்தேன். யாரையும் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை.

உங்களுக்கும் வழி அடைத்திருந்தால் முழங்கால் போடுங்கள். எழும்போது யார் முகம் ஞாபகம் வருகிறதோ, தயங்காமல் அவரிடம் போங்கள். அனுப்புகிறவர் ஆண்டவர்தான்.